பழைய கேஸ் வெல்டிங் டார்ச்: சிங்கப்பூர்ல தேடி வாங்கி, சுத்தம் பண்ணி, பத்த வைக்கிற வரைக்கும்

கேஸ் வெல்டிங் டார்ச்னா ஆக்சிஜனையும் அசிட்டிலீன்ங்கிற எரிவாயுவையும் கலந்து எரிச்சு, அந்தச் சூட்டுல உலோகத்த உருக்கி ஒட்டுற கைக்கருவி. என்னோட முதல் பழைய டார்ச் சிங்கப்பூர்ல பழைய சாமான் விக்கிற சுங்கை ரோடு சந்தையில கிடைச்சது. 2017 ஜூலை 10-ஆம் தேதி அந்தச் சந்தைய மூடினாங்களே, அதுக்கு சில மாசம் முன்னாடி. தார்ப்பாய் விரிச்சு உக்காந்திருந்த ஒரு அங்கிள், உடைஞ்ச கைக்கடிகாரம், பழைய ரிமோட்டுக்கு நடுவுல கறுத்துப்போன ஒரு பித்தளைக் குழாய வெச்சிருந்தாரு, 25 வெள்ளி சொன்னாரு, பேரம் பேசி 18க்கு முடிஞ்சது. வீட்டுக்கு வந்து வால்வு திருப்பினா அசையல, உடனே நான் பெரிய மெக்கானிக் மாதிரி ஸ்ப்ரே ஆயில எடுத்து ரெண்டு வால்வுக்குள்ளயும் நல்லா அடிச்சு விட்டேன். சூப்பரா திரும்புச்சு. அடுத்த வாரம் சுங்கை காடுட்ல ஒரு பட்டறையில வேலை பார்க்கிற தெரிஞ்ச அண்ணன்கிட்ட காமிச்சா, கையில வாங்கி மோந்து பார்த்துட்டு, "தம்பி, இத ஆக்சிஜன்ல மாட்டியிருந்தா உன் கைய தேடிட்டு இருப்போம்"னு ஒரே வரியில சொல்லிட்டு திருப்பிக் கொடுத்துட்டாரு.

அன்னைக்குத்தான் ஒழுங்கா கத்துக்க ஆரம்பிச்சேன். இத்தனை வருஷத்துல என்கிட்ட இப்ப இருபத்து சொச்சம் டார்ச் இருக்கு, அதுல நெருப்பு வைக்கிறது நாலே நாலு, மத்ததெல்லாம் அலமாரிக்குத்தான். இந்த வழிகாட்டி முழுக்க நான் திரும்பத் திரும்ப சொல்லப்போறது ஒண்ணுதான்: கையில பிடிக்கிற டார்ச் மட்டும் பழசா இருக்கலாம், சிலிண்டர்ல இருந்து டார்ச்சோட வாசல் வரைக்கும் வர்ற ரெகுலேட்டர் (சிலிண்டர் அழுத்தத்த குறைச்சுத் தர்றது), ஹோஸ், ஃப்ளாஷ்பேக் அரெஸ்டர் (நெருப்பு ஹோஸுக்குள்ள திரும்பிப் போறத தடுக்கிறது) எல்லாம் புதுசா இருக்கணும்.

இன்னொண்ணையும் முதல்லயே சொல்லிடுறேன், கேஸ் வெல்டிங் இதுக்கு முன்னாடி பண்ணாதவங்க இத படிச்சிட்டு நேரா சிலிண்டர் வாங்கப் போகாதீங்க, தெரிஞ்சவங்க பக்கத்துல நின்னு ஒரு பத்து மணி நேரமாவது புது டார்ச்ல பழகிட்டு அப்புறம் பழசுக்கு வாங்க.

சிங்கப்பூர்ல என்னென்ன கிடைக்கும்

நம்ம ஊர்ல கிடைக்கிற பழைய டார்ச்ச பார்த்தா இந்தத் தீவோட கப்பல் வரலாறே தெரியும். செம்பவாங்ல பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இருந்துச்சு, அங்க ஆறாம் ஜார்ஜ் மன்னர் பேர்ல இருந்த பெரிய டாக் 1938-ல திறந்தது, பிரிட்டிஷ்காரங்க கிளம்பற நேரத்துல 1968-ல அது செம்பவாங் ஷிப்யார்டா மாறுச்சு. அந்தப் பக்கத்து பழைய கருவிகள்ல பிஓசி முத்திரை போட்டது நிறைய வரும். பிஓசிங்கிறது 1886-ல பிரின்ஸ் ஆக்சிஜன் கம்பெனியா ஆரம்பிச்சு 1906-ல பிரிட்டிஷ் ஆக்சிஜன் கம்பெனின்னு பேர் மாத்திக்கிட்டது. அவங்களோட சஃபயர் டார்ச் நம்மளுக்கு ரொம்ப வசதி, ஏன்னா அதோட மரை இன்னைக்கும் இங்க கடையில விக்கிற ஹோஸ் நட்டோட பொருந்தும்.

ஜூரோங் பக்கம் வேற கதை. ஜூரோங் ஷிப்யார்ட் 1963-ல ஜப்பான் ஐஎச்ஐ கம்பெனியோட கூட்டுல வந்தது, அதனால ஜப்பான் சரக்கு, தனாகா, கொய்கேன்னு பேர் போட்ட டார்ச் அந்தக் காலத்து ஆளுங்க டூல் பாக்ஸ்ல சகஜம். ஜப்பான் டார்ச்ல நிறைய இன்ஜெக்டர் டைப், அது என்னன்னு கீழ சொல்றேன்.

அமெரிக்க டார்ச் இங்க இயற்கையா கிடைக்காது, ஈபேல வரவழைக்கணும். 1913-ல சான் ஃபிரான்சிஸ்கோவுல ஆரம்பிச்ச விக்டர், 1916-ல மினியாபொலிஸ்ல ஆரம்பிச்ச ஸ்மித், அப்புறம் பிரெஸ்ட்-ஓ-லைட். இந்த கடைசிப் பேர் எனக்குப் பிடிச்ச கதை: 1904-ல கார் ஹெட்லைட்டுக்கு அசிட்டிலீன் அடைச்சு விக்கிறதுக்குத்தான் கார்ல் ஃபிஷரும் ஜேம்ஸ் அலிசனும் இண்டியானாபொலிஸ்ல அந்தக் கம்பெனிய ஆரம்பிச்சாங்க, அந்தக் காசுல பின்னாடி 1909-ல இண்டியானாபொலிஸ் ரேஸ் டிராக்கையும் கட்டிட்டாங்க. வெளிநாட்ல இருந்து வாங்கும்போது விலை கூட ஷிப்பிங், அது மேல 9 சதவீதம் ஜிஎஸ்டி, எல்லாத்தையும் கூட்டிப் பார்த்துட்டு பிட் பண்ணுங்க, நான் ஒரு தடவை டார்ச் விலைய விட ஷிப்பிங் அதிகமா கட்டியிருக்கேன்.

உள்ளூர்ல தேடணும்னா, பழைய பொருள் வாங்கி விக்கிற கெரோசெல் ஆப்ல "வெல்டிங் டார்ச்"னு தேடாதீங்க, அதுல புது சீனச் சரக்குதான் கொட்டும். விக்கிறவருக்கு அது என்னன்னே தெரியாது, "பழைய பித்தளை கருவி", "கப்பல் பித்தளை"னுதான் போட்டிருப்பாரு, அப்படித் தேடுங்க. வீடு வீடா பழைய சாமான் வாங்குற காரங்கூனி அங்கிள்கள்கிட்ட சொல்லி வைக்கலாம், பித்தளைக்கு கிலோ கணக்குல காசு வருதுன்னு அவங்களுக்குத் தெரியும், அதவிட நீங்க கொஞ்சம் கூட தருவீங்கன்னு தெரிஞ்சா எடுத்து வெப்பாங்க. ரொம்ப நல்ல சரக்கு வர்றது யார்ட்ல முப்பது நாப்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆன பெரியவங்க வீட்ல இருந்துதான். ஆனா அவங்ககிட்ட எடுத்ததுமே விலை பேசாதீங்க, ஒரு கோப்பி குடிச்சு அவங்க வெல்டிங் பண்ண கதையக் கேளுங்க. எந்த டார்ச் எப்படிப் பேசும்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

வாங்கறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்

ஒரு தடவை கெரோசெல்ல "அரிய டார்ச், முழு செட்"னு போட்டிருந்தத 80 வெள்ளி கொடுத்து, துவாஸ் வரைக்கும் போய் வாங்கிட்டு வந்தேன், பெட்டியத் திறந்தா அது கட்டிங் அட்டாச்மென்ட் மட்டும், கைப்பிடியும் இல்ல, நெருப்பு வர்ற முனையான நாசிலும் இல்ல. விக்கிறவர குறை சொல்லி என்ன பண்றது, நான்தான் போட்டோவ பெருசு பண்ணிப் பார்க்கல. அதனால முதல் கேள்வி, இது வெல்டிங்கா கட்டிங்கா. கட்டிங் டார்ச்ல ஆக்சிஜனுக்குன்னு தனியா ஒரு நெம்புகோல் இருக்கும், முன்னாடி ரெண்டு மூணு குழாய் ஓடும், நாசில் முகத்துல நடுவுல ஒரு ஓட்டை, சுத்தி குட்டி ஓட்டைகள். வெல்டிங் டார்ச்னா ஒரே குழாய், நுனியில ஒரே ஓட்டை.

அடுத்து மரை. எரிவாயு பக்கம் எப்பவும் இடது மரை, நட்டோட விளிம்புல வெட்டு போட்டிருக்கும், ஆக்சிஜன் பக்கம் வலது மரை, நட்டு வழுவழுன்னு இருக்கும். ரெண்டையும் மாத்தி மாட்டிடக் கூடாதுன்னுதான் இந்த ஏற்பாடு. காலிப்பர் இருந்தா மரையோட வெளி விட்டத்த அளங்க: 16.7 மில்லிமீட்டர் கிட்ட வந்தா பெரும்பாலும் பிரிட்டிஷ், அதாவது 3/8 பிஎஸ்பிங்கிற பிரிட்டிஷ் குழாய் மரை. 14.3 கிட்ட வந்தா அமெரிக்கன் 9/16 அங்குலம். அமெரிக்கன் டார்ச்சுக்கு இங்க கிடைக்கிற ஹோஸ மாட்ட ஒழுங்கான அடாப்டர் வேணும். மரை கொஞ்சம் பொருந்துற மாதிரி இருக்குன்னு ஸ்பானர் போட்டு முறுக்கினா அதுக்கப்புறம் அந்த டார்ச்சுக்கும் மரை கழண்டுடும், உங்களுக்கும் கழண்டுடும்.

நாசில் இருக்கா, இல்லைனா கிடைக்குமா? இது ரொம்ப முக்கியம், கைப்பிடி மட்டும் கிடைச்சு நாசிலுக்கு ரெண்டு வருஷம் அலைஞ்ச ஆளுங்கள எனக்குத் தெரியும், அதுல நானும் ஒருத்தன். நாசில் கைப்பிடியில உக்கார்ற இடத்துல கூம்பு மாதிரி ஒரு முகம் இருக்கும், அங்க நகத்த ஓட்டிப் பாருங்க, கீறல் தட்டுப்பட்டா கேஸ் அங்க கசியும். குழாய் வளைஞ்சிருந்தா, வெல்டிங் போட்டு ஒட்டின அடையாளம் இருந்தா, கைப்பிடியில கருகின தடம் இருந்தா அது அலமாரிக்கு மட்டும். கைப்பிடி கருகியிருந்தா உள்ள ஃப்ளாஷ்பேக் நடந்திருக்குன்னு அர்த்தம், எவ்வளவு அழகா இருந்தாலும் நெருப்பு வைக்காதீங்க.

சிலிண்டர சேகரிக்காதீங்க. பழைய சின்ன அசிட்டிலீன் சிலிண்டர் பார்க்க அழகா இருக்கும், எனக்கும் ஆசைதான். ஆனா அசிட்டிலீன் சிலிண்டர்ங்கிறது வெறும் டப்பா கிடையாது, உள்ள பஞ்சு மாதிரி துளை துளையா ஒரு பொருள் அடைச்சு, அதுல அசிட்டோன் ஊறவெச்சு, அந்த அசிட்டோன்லதான் கேஸ் கரைஞ்சிருக்கும். 1890-கள்ல பிரான்ஸ்ல ஜார்ஜ் க்ளாடும் ஆல்பெர் ஹெஸ்ஸும் அசிட்டோன்ல கரைக்கிற வழியக் கண்டுபிடிச்சாங்க, அப்புறம் சுவீடன்ல குஸ்டாஃப் டாலேன் அந்தத் துளைப்பொருள நல்லா பண்ணாரு. கலங்கரை விளக்க வேலைக்காக 1912-ல இயற்பியல் நோபலும் வாங்கினாரு, அதே 1912-ல ஒரு அசிட்டிலீன் வெடிப்புல ரெண்டு கண்ணையும் இழந்தாரு. அந்தத் துறையோட பெரிய தலைக்கே அந்த கதின்னா நம்மல்லாம் எம்மாத்திரம். பழைய சிலிண்டர் உள்ள இருக்கிற பொருள்ல ஆஸ்பெஸ்டாஸ் வேற இருக்கலாம். கார்பைடு போட்டு தண்ணி விட்டு கேஸ் உண்டாக்குற பழைய ஜெனரேட்டரும் அப்படித்தான், நம்ம ஊர் ஈரக்காத்துல கார்பைடு தானாவே பூண்டு வாடை அடிக்க ஆரம்பிச்சிடும், அத வாங்கி வெறும் பாத்திரமா வெக்கிறதோட நிறுத்திக்கங்க.

பழைய ரெகுலேட்டரும் அலமாரிக்குத்தான். மீட்டர் கண்ணாடியும் எழுத்தும் என்னமா இருக்கும்! ஆனா உள்ள இருக்கிற டயஃப்ரம் ரப்பர் அம்பது வருஷம் காஞ்சு கிடக்கும், நிறைஞ்ச ஆக்சிஜன் சிலிண்டர்ல 150 பார் அழுத்தம் இருக்கு, அத தாங்கணும். வேண்டாம்.

சுத்தம் பண்றது

இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க, அதனால மெதுவா சொல்றேன்.

மேசைய சுத்தமா துடைச்சு, வெள்ளைத் துணி விரிச்சு, கைய சோப்பு போட்டு கழுவிட்டு உக்காருங்க. காலையில தலைக்கு எண்ணெய் வெச்சிருந்தா அதையும் ஞாபகம் வெச்சுக்கங்க, நான் சும்மா சொல்லல, நெத்திய துடைச்ச கையோட ஆக்சிஜன் வால்வ தொடறது நமக்கெல்லாம் சகஜம். அழுத்தமான ஆக்சிஜன்ல எண்ணெய், கிரீஸ் பட்டா பொறி இல்லாமலே பத்திக்கும், அதான் அந்த அண்ணன் சொன்னது.

டார்ச்ச கழட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பக்கமும் போட்டோ எடுங்க. வால்வு ஸ்பிண்டில, அதாவது வால்வ திருப்புற தண்ட, வெளிய எடுக்கும்போது அதச் சுத்தி ஒரு நட்டு இருக்கும், அதுக்குள்ள கேஸ் கசியாம அடைக்கிற பேக்கிங் இருக்கும். பழைய டார்ச்ல அது தோல், கிராஃபைட் நூல், சிலதுல ஆஸ்பெஸ்டாஸ் கயிறா கூட இருக்கலாம், எது எதுன்னு கண்ணால சொல்ல முடியாது, அதனால எல்லாத்தையும் ஆஸ்பெஸ்டாஸ்னே நினைச்சு தண்ணியில நனைச்சு, மாஸ்க் போட்டு, ஊக்கால நோண்டி எடுத்து பையில கட்டிடுங்க. வாயால ஊதாதீங்க. கம்ப்ரஸர் காத்துலயும் ஊதாதீங்க, அதுல எண்ணெய் துளி கலந்து வரும், அது நேரா ஆக்சிஜன் வழியில போய் உக்காரும்.

வெளிப்பக்கம் கறுப்பு போகணும்னா வெதுவெதுப்பான தண்ணியில சிட்ரிக் ஆசிட் கலந்து கொஞ்ச நேரம் ஊறவிடலாம். நம்ம வீட்ல குத்துவிளக்கு தேய்க்கிற புளி இருக்கே, அதுவும் வேலை செய்யும், எங்கம்மா ஒரு நாள் நான் இல்லாத நேரத்துல என்னோட மூணு டார்ச்ச புளி போட்டுத் தேய்ச்சு பளபளன்னு பூஜை சாமான் கூட அடுக்கி வெச்சிட்டாங்க, அழறதா சிரிக்கிறதான்னு தெரியல. புளி வெளிய மட்டும், குழாய்க்குள்ள போச்சுன்னா அந்த மிச்சம் ஆக்சிஜன் வழியில இருக்கக் கூடாத பொருள். அமோனியா கலந்த பித்தளை பாலிஷ் போடாதீங்க. பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவுல பித்தளைத் தோட்டாக்கள குதிரை லாயத்துல வெச்சிருந்துச்சு, மழைக்காலத்துல அதெல்லாம் தானா விரிசல் விட்டுச்சு, கடைசியில காரணம் குதிரை மூத்திரத்துல இருந்து வர்ற அமோனியான்னு தெரிஞ்சது. முறுக்கி மாட்டின பித்தளை நட்டும் அதே மாதிரி விரிசல் விடும். சேகரிக்கிறவங்க கண்ணுல பார்த்தா ரொம்ப பாலிஷ் போட்டதுக்கு மதிப்பும் குறைவு, முத்திரை எழுத்து தேய்ஞ்சா அவ்ளோதான்.

உள்பக்கத்துக்கு அல்ட்ராசோனிக் கிளீனர் இருந்தா நல்லது, இல்லைனா ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல ரெண்டு மூணு தடவை ஊறவெச்சு, ஒவ்வொரு தடவையும் ஆல்கஹால மாத்தி, கடைசியில ஒரு நாள் முழுக்க காய விடுங்க. நாசில் ஓட்டைய அதுக்குன்னு விக்கிற டிப் கிளீனர் கம்பியில, ஓட்டைய விட ஒரு சைஸ் சின்னதா எடுத்து நேரா உள்ள விட்டு எடுங்க, சுத்தாதீங்க, ஓட்டை பெருசாகி முட்டை வடிவமாச்சுன்னா நெருப்பும் கோணலாத்தான் வரும்.

திரும்ப மாட்டும்போது பேக்கிங்குக்கு பிடிஎஃப்இ (டெஃப்லான்) கயிறு, ஓ-ரிங் இருந்தா வைட்டான் ரப்பர். வழவழப்பு ரொம்ப வேணும்னா ஆக்சிஜனுக்குன்னே விக்கிற கிரீஸ் மட்டும், அதுவும் குண்டூசி முனை அளவு. நான் போடவே மாட்டேன்.

கசிவு சோதனை, அப்புறம் இன்ஜெக்டரா இல்லையா

முதல் சோதனை நைட்ரஜன்ல பண்ணுங்க, கேஸ் வெல்டிங் கடை வெச்சிருக்கிற யாராவது உதவுவாங்க. ரெண்டு வால்வையும் மூடி, ஹோஸ்ல ஒரு பார் கிட்ட அழுத்தம் வெச்சு டார்ச்ச சுத்தமான தண்ணி வாளியில முக்குங்க. கொப்புளம் எங்க வருதுன்னு பாருங்க: நாசில்ல இருந்து வந்தா வால்வு சீட் சரியில்ல, ஸ்பிண்டில் பக்கம் வந்தா பேக்கிங் நட்ட கால் சுத்து இறுக்குங்க. அப்புறம் ஒரு பக்க ஹோஸ கழட்டிட்டு, நாசில் வாய சுத்தமான ரப்பரால அடைச்சு, ரெண்டு வால்வையும் திறந்து மறுபக்கத்துல மட்டும் அழுத்தம் கொடுங்க, கேஸ் காலி வாசல் வழியா தாராளமா வரும், இது கோளாறு கிடையாது. பழைய டார்ச்ல திரும்பி வர்றத தடுக்க எந்த வால்வும் இல்லைன்னு உங்க கண்ணுக்கு நேரா காட்டுற சோதனை இது. நாசில் அடைச்சா ஆக்சிஜன் எரிவாயு ஹோஸுக்குள்ள போகும். அதனாலதான் ரெண்டு பக்கமும் செக் வால்வும் ஃப்ளாஷ்பேக் அரெஸ்டரும் இல்லாம பழைய டார்ச்ச மாட்டக் கூடாது.

டார்ச்ல ரெண்டு ஜாதி. ஒண்ணுல ரெண்டு கேஸும் கிட்டத்தட்ட ஒரே அழுத்தத்துல வந்து கலக்கும். இன்னொண்ணு இன்ஜெக்டர், அதுல ஆக்சிஜன் வேகமா பாஞ்சு அசிட்டிலீன இழுத்துக்கும், கார்பைடு ஜெனரேட்டர் காலத்துல எரிவாயு அழுத்தம் ரொம்ப கம்மியா இருந்ததால பண்ணின ஏற்பாடு. எதுன்னு தெரியலைனா, எரிவாயு ஹோஸ கழட்டிட்டு, ஆக்சிஜன வேலைக்கு வெக்கிற அழுத்தத்துல விட்டு, ரெண்டு வால்வையும் திறந்து எரிவாயு வாசல்ல விரல வைங்க. விரல உறிஞ்சி இழுத்தா இன்ஜெக்டர், நல்லா வேலை செய்யுது. இன்ஜெக்டர்னு தெரிஞ்ச டார்ச் உறிஞ்சாம வெளிய தள்ளினா நாசில் அடைச்சிருக்கு, இல்ல உள்ள தேய்ஞ்சிருக்கு, அத சரி பண்ணாம பத்த வைக்காதீங்க.

எங்க வெச்சு பண்றது

எச்டிபி வீட்ல, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்ல கூடாது. சர்வீஸ் யார்ட்ல கூடாது, புளோக்குக்குக் கீழ இருக்கிற வாய்ட் டெக்ல கூடாது, தரை வீடா இருந்தாலும் அசிட்டிலீன் சிலிண்டர வீட்ல வைக்கிற யோசனைய விட்டுடுங்க. எரியிற வாயுவ சேமிச்சு வைக்க எஸ்சிடிஎஃப் (சிங்கப்பூர் குடிமைத் தற்காப்புப் படை) சட்டம் இருக்கு, பட்டறைகள்ல நெருப்பு வேலைக்கு ஹாட் வொர்க் பெர்மிட்ங்கிற அனுமதி நடைமுறை இருக்கு. நான் பண்றது ரொம்ப சிம்பிள், சுங்கை காடுட் பட்டறையில சனிக்கிழமை மத்தியானம் அவங்க வேலை முடிஞ்சதும் அவங்களோட சிலிண்டர், அவங்களோட பெர்மிட், அவங்களோட ஃபயர் எக்ஸ்டிங்விஷர், என்னோட டார்ச். பதிலுக்கு நான் அவங்க பெஞ்ச கழுவி விட்டு, எல்லாருக்கும் பரோட்டா வாங்கித் தருவேன். காக்கி புக்கிட், சின் மிங் பக்கமும் இந்த மாதிரி மனசுள்ள முதலாளிகள் இருப்பாங்க, கேட்டுப் பாருங்க.

சிலிண்டர் நிக்க வெச்சு சங்கிலி போட்டிருக்கணும். அசிட்டிலீன் படுத்து வந்திருந்தா நிமிர்த்தி வெச்சு பல மணி நேரம் விடணும், இல்லைனா அசிட்டோன் வெளிய வரும். ஹோஸ் அசிட்டிலீனுக்கு சிவப்பு, ஆக்சிஜனுக்கு நீலம். ஹோஸ் நீளம் பத்தலைன்னு நடுவுல செம்புக் குழாய் போட்டு இணைக்கிறத ஒரு இடத்துல பார்த்து எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு, அசிட்டிலீன் செம்போட சேர்ந்தா தட்டினாலே வெடிக்கிற உப்பு உண்டாகும். நாசில் செம்புதானேன்னு கேப்பீங்க, அது சின்ன நீளம், கேஸ் தேங்கி நிக்காது, குழாய் அப்படி இல்ல.

பத்த வைக்கிறது

பருத்தி உடை, மூடின ஷூ, ஷேடு 5 வெல்டிங் கண்ணாடி. சட்டைப் பையில லைட்டர் வேண்டாம்.

ரெகுலேட்டர் கைப்பிடி தளர்வா இருக்கான்னு பார்த்துட்டு, மீட்டருக்கு நேரா நிக்காம பக்கவாட்டுல நின்னு, ஆக்சிஜன் சிலிண்டர மெதுவா, ரொம்ப மெதுவா, அப்புறம் முழுசா திறங்க. அசிட்டிலீன ஒரு சுத்துக்கு மேல திறக்காதீங்க, சாவி அதுலயே இருக்கட்டும், அவசரத்துல மூடணும். பிஓசி மாதிரி சம அழுத்த டார்ச்ல சின்ன நாசிலுக்கு ரெண்டு பக்கமும் 0.14 பார், அதாவது 2 பிஎஸ்ஐ போதும். யாரு என்ன சொன்னாலும் அசிட்டிலீன் 15 பிஎஸ்ஐ தாண்டக் கூடாது, அதுக்கு மேல அது காத்தோ ஆக்சிஜனோ இல்லாமலே சிதறி வெடிக்கிற கேஸ். இன்ஜெக்டர்னா ஆக்சிஜன் ஒண்ணரை ரெண்டு பார் வரைக்கும் போகும், அசிட்டிலீன் ரொம்ப கம்மி, டார்ச் கம்பெனி சொன்ன கணக்கு கிடைச்சா அதத்தான் பாருங்க.

ஒவ்வொரு ஹோஸையும் தனித்தனியா சில வினாடி வெளிய விட்டு பழைய கலவைய துரத்துங்க. அப்புறம் அசிட்டிலீன மட்டும் கொஞ்சம் திறந்து பொறி தட்டுற வெல்டிங் லைட்டர்ல பத்த வைங்க. முதல்ல கரி கரியா புகை வரும், பக்கத்துல வெள்ளைச் சட்டை காஞ்சா அதோட கதை முடிஞ்சது. புகை நிக்கிற வரைக்கும் அசிட்டிலீன கூட்டுங்க, அப்புறம் ஆக்சிஜன மெதுவா. நெருப்புக்குள்ள நீளமா இறகு மாதிரி ஒண்ணு தெரியும், ஆக்சிஜன கூட்டக் கூட்ட அந்த இறகு சுருங்கி, உள்ள இருக்கிற கூர்மையான வெள்ளைக் கூம்போட போய் சேர்ந்துடும், அந்த நொடியில நிறுத்துங்க. அதுதான் நியூட்ரல், கூம்பு நுனிக்கு பக்கத்துல 3,100 டிகிரி கிட்ட. இன்னும் கூட்டினா கூம்பு குட்டையாகி ஸ்ஸ்ஸ்னு சத்தம் போடும், இரும்பு எரிஞ்சு நுரைக்கும். அசிட்டிலீனும் ஆக்சிஜனும் சேர்ந்தா இவ்வளவு சூடு வரும்னு 1895-ல லெ ஷாட்லியே சொன்னாரு, அத கையில பிடிக்கிற டார்ச்சா ஃபூஷேயும் பிக்கார்டும் 1900-களோட தொடக்கத்துல கொண்டு வந்தாங்க. நூறு வருஷம் தாண்டியும் அந்த அமைப்பு பெருசா மாறல, அதனாலதான் பழைய டார்ச் இன்னைக்கும் வேலைக்கு ஆகுது.

பட்டுனு ஒரு சத்தத்தோட நெருப்பு அணைஞ்சா அது பேக்ஃபயர், நாசில் உலோகத்துல இடிச்சிருக்கும், இல்ல அழுத்தம் பத்தல. மூடிட்டு, காரணத்த சரி பண்ணிட்டு திரும்ப பத்த வைக்கலாம். நெருப்பு காணாம போய் கைப்பிடிக்குள்ள கீச்சுன்னு விசில் அடிச்சா அது ஃப்ளாஷ்பேக், யோசிக்காம ஆக்சிஜன் வால்வ மூடுங்க, உடனே அசிட்டிலீன, அப்புறம் சிலிண்டர் ரெண்டையும். அந்த டார்ச்ச அன்னைக்கு திரும்பத் தொடாதீங்க, முழுசா கழட்டிப் பார்த்த பிறகுதான்.

முதல் வேலை

1.2 மில்லிமீட்டர் கறுப்பு இரும்புத் தகடு, பிஓசி கணக்குல 2-ஆம் நம்பர் நாசில். தகடு 2 மில்லிமீட்டர்னா 3, 3.2னா 7. கால்வனைஸ் தகடு எடுக்காதீங்க, துத்தநாகப் புகை ராத்திரி காய்ச்சல் குடுக்கும்.

முதல்ல இணைப்புல உருக்கிச் சேர்க்கிற கம்பியே வேண்டாம். கூம்பு நுனிய தகட்டுல இருந்து 2, 3 மில்லிமீட்டர் தள்ளிப் பிடிங்க, ஒரே இடத்துல நில்லுங்க, இரும்பு சிவந்து, வேர்த்து, கண்ணாடி மாதிரி ஒரு குட்டிக் குளம் உண்டாகும். அந்தக் குளத்த வலதுல இருந்து இடதா நடத்திட்டுப் போங்க, நாசில் 60, 70 டிகிரி சாய்வுல. குளம் பெருசானா வேகமா நடங்க, சின்னதானா மெதுவா. ஓட்டை விழும், எல்லாருக்கும் விழும். ஒரு இருபது கோடு போட்ட பிறகு செம்பு பூச்சு போட்ட கம்பிய இடது கையில எடுத்து, எதிர்ப்பக்கம் 30, 40 டிகிரியில, குளத்தோட ஓரத்துல தொட்டுத் தொட்டு எடுங்க. நெருப்புல கம்பிய உருக்கி சொட்ட விடக் கூடாது, குளம்தான் கம்பிய உருக்கணும். ஆர்க் வெல்டிங் மட்டும் பண்ணி வந்த தம்பிங்களுக்கு இந்த மெதுவே பிடிக்காது, எனக்கு இதுக்காகத்தான் பிடிக்கும்.

பழைய சின்ன டார்ச்சோட நிஜமான அழகு உடைஞ்ச பித்தளைய பத்த வெச்சு ஒட்டறதுல தெரியும். செராங்கூன் ரோட்டுல அந்தக் காலத்து பத்தர்கள் வாயால ஊதுகுழல ஊதி நகைய பத்த வெச்ச அதே வேலைதான், கொஞ்சம் பெரிய அளவுல. தண்டு உடைஞ்ச குத்துவிளக்கு ஒண்ணு எடுத்துக்கங்க. வெங்கல ராடு உருகறது 880, 900 டிகிரி, பித்தளை உருகறதும் அதுக்குப் பக்கத்துலயே, அதனால அத போட்டா விளக்கும் சேர்ந்து படுத்துடும். 650ல இருந்து 700 டிகிரி கிட்ட ஓடுற சில்வர் சால்டர், காட்மியம் இல்லாததுன்னு பாக்கெட்ல போட்டிருக்கிறத வாங்குங்க, பழைய ஸ்டாக்ல காட்மியம் கலந்தது கிடக்கும், அதோட புகை ஆளையே கொல்லும். எண்ணெய்ப் பிசுக்கு சுத்தமா போகணும், விளக்குல அம்பது வருஷ எண்ணெய் ஊறியிருக்கும், சோடாத் தூள் போட்டு கொதிக்க வெச்சாத்தான் வரும். சால்டர் நல்லா ஓட உதவுற ஃப்ளக்ஸ் பூசி, நெருப்ப மெத்துன்னு பெருசா வெச்சு, கூம்பால தொடாம வெளி நெருப்பால விளக்கச் சுத்திச் சுத்திக் காட்டுங்க. ஃப்ளக்ஸ் முதல்ல பொங்கும், அப்புறம் அடங்கி தண்ணி மாதிரி தெளியும், அப்ப சால்டர இணைப்புல தொட்டா சரசரன்னு உள்ள ஓடிடும். நெருப்ப சால்டர் மேல காட்டாதீங்க, விளக்குலதான் சூடு இருக்கணும். வேலை நடக்குற இடத்துல காத்து ஓடணும்.

அணைக்கிறதும் வைக்கிறதும்

அசிட்டிலீன முதல்ல மூடணும்னு ஒரு கட்சி, ஆக்சிஜன முதல்லன்னு ஒரு கட்சி, டார்ச் கம்பெனிகளே ஆளுக்கொண்ணா சொல்லும். நான் பழகினது அசிட்டிலீன் முதல்ல, நெருப்பு உடனே சாகும், புகையும் வராது. அதுக்கப்புறம் சிலிண்டர் ரெண்டையும் மூடி, ஒவ்வொரு ஹோஸையும் தனித்தனியா காலி பண்ணி, மீட்டர் பூஜ்யத்துக்கு வந்ததும் ரெகுலேட்டர தளர்த்தி விடுங்க. இது பிறத்தியார் பட்டறை, அவங்க திங்கக்கிழமை வந்து பார்க்கும்போது எல்லாம் வெச்ச இடத்துல இருக்கணும்.

டார்ச் ஆறினதும் ரெண்டு வாசலுக்கும் சுத்தமான பிளாஸ்டிக் மூடி போடுங்க, நம்ம ஊர்ல குட்டி பூச்சி கூடு கட்ட ரெண்டு நாள் போதும், ஒரு தடவை என்னோட இன்ஜெக்டர்ல இருந்து எறும்பு வந்துச்சு. சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுல வைங்க, ஈரக்காத்துல பித்தளை பச்சை பூக்கும். எண்ணெய்த் துணியில சுத்தி வைக்கிற பழக்கம் மத்த கருவிக்கு சரி, இதுக்கு ஆகாது. அப்புறம் ஒவ்வொரு டார்ச்சுலயும் நான் நூல்ல ஒரு சீட்டு கட்டியிருக்கேன், எங்க கிடைச்சது, யாரு கொடுத்தாங்க, மரை என்ன, பேக்கிங் எந்த தேதியில மாத்தினேன், கசிவு சோதனை எப்ப. நெருப்பு வைக்கக் கூடாததுல சிவப்புச் சீட்டு. சுங்கை ரோட்டுல 18 வெள்ளிக்கு வாங்கின அந்த முதல் டார்ச்சுக்கும் சிவப்புச் சீட்டுதான், நாலு தடவை கழுவிட்டேன், ஆனா அந்த ஆயில் எந்த இடுக்குல உக்காந்திருக்குன்னு எனக்கு இன்னும் நம்பிக்கை வரல.